‘எக்காலத்திலும் இயங்கியதில்லை’ என்ற சான்றைத் திருப்பி அளித்தல்

அனுப்புநர்:
சா. அன்புச்செல்வி (வயது 59),
க/பெ. (மறைந்த) சார்லஸ்,
சார்லஸ் காப்பித்தூள் நிலையம்,
கதவு எண் 27, கடைவீதி,
நெடுங்கரைப்பட்டி, அறந்தாங்கி வட்டம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
நெடுங்கரைப்பட்டி.

பொருள்: காப்பித்தூள் தொழிலுக்கு ஹலால் சான்று பெறுதல் – கதவு எண் 27-இல் இயங்கி மூடப்பட்ட இறைச்சிக் கடை பற்றித் தரப்பட்ட சான்றில் உள்ளது உண்மைக்கு மாறாக இருத்தல் – சான்றைத் திருப்பி ஒப்படைத்துச் சரியான சான்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது விண்ணப்பம், நாள் 11.08.2025.
2. தங்கள் அலுவலகச் சான்று, நாள் 15.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சான்று கிடைக்கவில்லை என்று தங்களுக்கு மனு எழுதுவோர் பலர் இருப்பார்கள். எனக்குச் சான்று கிடைத்துவிட்டது. அது எனக்குச் சாதகமாகவும் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது நடந்தது அல்ல என்பதே என் புகார். மனு எழுதிப் பழக்கமில்லாதவள் என்பதால் நீளமாகிவிட்டது. தயவுசெய்து முழுவதையும் வாசிக்க வேண்டுகிறேன். பாதியில் நிறுத்தினால், இந்த அம்மாளுக்கு என்னதான் வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றிவிடும்.

2. மேற்கண்ட முகவரியில் 1994 முதல் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்று வருகிறோம். ‘வருகிறோம்’ என்பது பழக்கத்தில் வந்துவிடுகிறது. என் கணவர் சென்ற ஆண்டு ஜூன் மாதம் காலமாகிவிட்டார். இப்போது நானும், இருபது ஆண்டுகளாக எங்களிடம் வேலை பார்க்கும் ராக்காயியும்தான். அவர் இருந்த காலத்தில், வெளிநாடு போகிறவர்களின் வேன் திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எங்கள் கடை வாசலில் நிற்கும். வேனுக்குள் அழுகையும், மூட்டைக்குக் கயிறு கட்டும் சத்தமுமாக இருக்கும். என் கணவர் எதையும் கண்டுகொள்ளாதவர்போல, “எந்த ஊருக்குப் போறீங்க? தண்ணி நல்லா இருக்குமா?” என்று மட்டும் கேட்பார். உப்புத் தண்ணீர் என்றால் சிக்கரியைக் குறைப்பார். துபாய், தம்மாம், மஸ்கட் என்று ஊர் ஊராகத் தண்ணீரின் குணம் அவருக்கு மனப்பாடம். ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை.

3. அப்படி வாங்கிப் போனவர்களில் ஒருவர் மீமிசலைச் சேர்ந்த திரு. நைனார் முகமது. இன்று அவர் சார்ஜாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் தூளைப் பொட்டலமாக்கித் தன் கடையிலும், தான் சரக்குக் கொடுக்கும் ஒரு பெரிய அங்காடியிலும் விற்க விரும்புகிறார். அந்த அங்காடியில் ஹலால் சான்று இல்லாத உணவுப் பொட்டலத்தை அலமாரியில் வைக்கமாட்டார்களாம். இந்த ஆண்டு எங்கள் கடையில் வியாபாரம் மிகவும் இளைத்துவிட்டது. இந்த ஒரு வேலை கைகூடினால்தான் கடை அடுத்த வருடமும் திறந்திருக்கும். ராக்காயிக்கும் எனக்கும் இது தெரியும் என்பதால் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

4. காப்பிக்கொட்டை ஒரு செடியின் கொட்டை, அதில் ஹலால் என்ன, ஹராம் என்ன என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சென்னையில் உள்ள சான்று வழங்கும் நிறுவனத்தார் அனுப்பிய கேள்வித்தாளைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். எந்திரத்துக்கு எந்த மசகு போடுகிறீர்கள், அது மிருகக் கொழுப்பா என்று ஒரு கேள்வி. அரவைத் தட்டை எதனால் துடைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. நாங்கள் ஆண்டுக்கணக்காக ஹார்டுவேர் கடை பிரஷ்ஷால்தான் துடைக்கிறோம். அந்த முடி பன்றி முடியாக இருக்கக்கூடும் என்று அவர்கள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரஷ்ஷை மாற்றினோம், மசகை மாற்றினோம். எந்திரத்தின் பாகங்களைக் கழற்றி, அவர்கள் சொன்ன முறைப்படி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவினோம். “கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டுத் தண்ணி ஊத்துனதில்லக்கா” என்றாள் ராக்காயி. பிரஷ் விஷயத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்வது என்று ஆன பிறகு அரைகுறையாகச் சொல்ல எனக்கு வராது.

5. அதே கேள்வித்தாளில், இக்கட்டடத்தில் இதற்கு முன் வேறு என்ன தொழில் நடந்தது என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கும் உண்மையையே எழுதினேன். கதவு எண் 27-இன் மேற்குப் பாதியில், என் கணவரின் தம்பி திரு. பிராங்க்ளின் 1996 முதல் 2014 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்பன்றி இறைச்சிக் கடை நடத்தினார். அவர் 16.10.2014 அன்று காலமானார். கடை கடைசியாக இயங்கிய நாள் 12.10.2014, ஞாயிறு. மூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்த அறையைப் பின்னர் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டு, இப்போது பொட்டலம் கட்டும் அறையாக வைத்திருக்கிறோம். இதைப் படித்துவிட்டு அந்த நிறுவனத்தார் கோபப்படவில்லை. முன்பு நடந்தது தடையில்லை, மூடிய தேதிக்கு உள்ளாட்சிச் சான்று வேண்டும், அறையை நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் முறைப்படி கழுவ வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு வாரத்தில் அவர்களே மறுபடி அழைத்தார்கள். பேரூராட்சிப் பதிவின்படி அந்த இறைச்சிக் கடையின் உரிமம் 31.03.2025 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, பதினோரு ஆண்டுகளுக்கு முன் மூடியதாக எழுதியிருக்கிறீர்களே, எது உண்மை என்று கேட்டார்கள்.

6. அது எப்படி வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். தவறு எங்கள் வீட்டுத் தவறு. ஒவ்வொரு மார்ச் மாதமும் என் கணவர்தான் இரண்டு உரிமங்களையும் சேர்த்துப் புதுப்பித்து வருவார். தம்பி இறந்த அடுத்த மார்ச்சில் அவர் அலுவலகத்துக்குப் போனபோது, சாளரத்தில் இருந்தவர் வழக்கம்போல “ரெண்டும்தானே?” என்று கேட்டிருக்கிறார். இவரும் “ஆமா” என்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டேன். “இல்லன்னு சொல்ல வாய் வரல, செல்வி” என்றார். அந்த ஒரு வருடத்தோடு விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அவர் இறந்த பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தால், 2015 முதல் 2024 வரை பத்து ரசீதுகள் தம்பியின் பெயரில் வரிசையாக இருந்தன. வேறு எவரிடமும் ஏமாறாத மனிதர், இதில் பத்து வருடம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்.

7. பிராங்க்ளின் நடத்திய கடையைப் பற்றியும் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரியாக இருப்பது எங்களுக்கு அப்படி இல்லை. கட்டடத்தின் நடுவே சுவர் எழுப்பியபோது, நடுவில் ஒரு கதவு வைத்தால் வசதி என்று கொத்தனார் சொன்னார். வேண்டாம் என்றவர் பிராங்க்ளின். “அண்ணன் கடைக்கு எல்லாரும் வருவாங்க. யாரு மனசும் கோணக் கூடாது” என்றார். குழாய் இரண்டு, சாக்கடை இரண்டு, விளக்குமாறுகூட இரண்டு. சனிக்கிழமை மாலையே நாங்கள் எந்திரத்தைப் போர்வையால் மூடி, ஷட்டரை இறக்கிவிடுவோம். ஞாயிறு எங்கள் பக்கம் வியாபாரம் கிடையாது. அவருடைய பக்கத்தில்தான் திருவிழா. பூசை முடிந்து வருவோரும், வயல் வேலைக்குப் போகுமுன் வாங்கிப் போவோருமாக, சாதி பேதமில்லாமல் வந்து நிற்பார்கள். எலும்பு அதிகம் போட்டுவிட்டதாகச் சண்டை பிடிக்கும் பெண்களிடம், “அக்கா, அதுவும் எலும்பை வச்சுத்தானே நடந்துச்சு” என்பார். வீதியே சிரிக்கும்.

8. பத்து மணி வாக்கில் வீதியில் நின்றபடி மாடியைப் பார்த்து, “மதினி, காப்பி!” என்று குரல் கொடுப்பார். நான் காப்பிச் சொம்போடு இறங்கிப் போவேன். கையில் தன் சொந்த டம்ளரை நீட்டியபடி நிற்பார். “படாம ஊத்துங்க” என்பார். அந்தச் சொம்பில்தான் திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு ருசி பார்க்கக் காப்பி கொடுப்போம் என்பது அவருக்குத் தெரியும். மழை பெய்தாலும் உள்ளே வரமாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு நானும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவருமாக வீதியில் நின்று காப்பி குடித்த ஞாயிறுகள் எத்தனையோ. குடித்துவிட்டு, “அண்ணன் இன்னைக்கு ஒரு சிட்டிகை கூட வறுத்துட்டாரு” என்று குறை சொல்லாமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. அந்தக் குறையைக் கேட்பதற்காகவே என் கணவர் மாடிப்படியில் காத்து நிற்பார். இன்று எந்திரத்தை ஓட்டும்போது வருகிற வாசனையில் எனக்கு அந்த இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், தனித்தனியாகப் பிரிக்கத் தெரியவில்லை.

9. மேலே குறிப்பிட்ட நைனார் முகமது அவர்கள் 1997-இல் முதன்முறை வெளிநாடு கிளம்பியபோது, ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கடை வாசலில் நின்றார். தூள் வேண்டும். ஆனால் பக்கத்தில் இருந்த இறைச்சிக் கடைப் பலகையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அன்று வீட்டில் இருந்த பிராங்க்ளின்தான் அவரைக் கூப்பிட்டார். “தம்பி, வந்து பாரு. பாத்துட்டு மனசு ஒப்புனா வாங்கு, இல்லன்னா அறந்தாங்கியில வாங்கிக்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்” என்று சொல்லி, சுவரையும் குழாயையும் சாக்கடையையும் சுற்றிக் காட்டினார். அவர் பார்த்தார், வாங்கினார். இன்றுவரை வாங்குகிறார். சென்னையிலிருந்து ஆள் வந்து எங்கள் கடையைச் சோதிப்பதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சோதனை நடந்துவிட்டது. அதை நடத்திக் காட்டியவர் பன்றிக்கறிக் கடைக்காரர்.

10. இனி அலுவலகத்தில் நடந்தது. பார்வை 1-இல் கண்டவாறு கடை மூடிய தேதிக்குச் சான்று கேட்டு விண்ணப்பித்தேன். உரிமதாரர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் உரிமத்தை ரத்து செய்ய முடியும் என்றார்கள். அவர் கல்லறையில் இருக்கிறார் என்று சொல்லி, இறப்புச் சான்றைக் கொடுத்தேன். அதில் இருந்த தேதியையும் புதுப்பித்த தேதிகளையும் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இறந்தவர் பெயரில் பத்து முறை புதுப்பித்தது வெளியே வந்தால் அலுவலகத்துக்குச் சங்கடம் என்பது எனக்குப் புரிந்தது. அதற்காகத்தான் அவசரமில்லாமல் மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை 15.09.2025 நாளிட்ட சான்றைக் கையில் கொடுத்தார்கள். அதில், ‘கதவு எண் 27-இல் இறைச்சிக் கடை எதுவும் எக்காலத்திலும் இயங்கியதில்லை’ என்று இருந்தது. பதிவும் நீக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இது சரியில்லையே என்றேன். அங்கிருந்த ஊழியர், “அம்மா, ஒங்களுக்கு நல்லதத்தான் செஞ்சிருக்கோம். கடையே இல்லன்னு ஆகிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல? எடுத்துட்டுப் போங்க” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் பெயரை இம்மனுவில் எழுதவில்லை, அவர்மீது எந்த நடவடிக்கையும் நான் கேட்கவில்லை.

11. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் முழுவதும் அதை மேசைமேல் வைத்து, அனுப்பிவிடலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடை பிழைக்க வேண்டுமே என்ற பயம் எனக்கும் உண்டு. மாலையில் பிராங்க்ளினின் மனைவி சுகுணா வந்தாள். சான்றை வாங்கிப் படித்தாள். பிறகு, “அப்ப அந்த மனுசன் பதினெட்டு வருசமா அங்கிட்டு நின்னு என்னதாங்க்கா வெட்டுனாரு?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையிலேயே தெரியாதவள்போலக் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் கடை வருமானத்தில்தான் அவள் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள்.

12. அன்றைக்கே நைனார் முகமது அவர்களுக்கும் போன் செய்து சொன்னேன். “அக்கா, நீங்க அனுப்புனா வேல முடிஞ்சிரும், நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். பிறகு, “ஆனா எனக்குச் சுத்திக் காட்டுனவரு யாருன்னு கேட்டா நா என்னக்கா சொல்றது?” என்றார். ஹலால் என்ற சொல்லை நான் இந்த நான்கு மாதங்களாகத்தான் ஓரளவு புரிந்துகொண்டு வருகிறேன். புரிந்த மட்டில், பொய்ச் சான்றை வைத்து அதை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதே மேல் என்று எனக்குப் படுகிறது. இது தவிர நடைமுறைச் சிக்கலும் உண்டு. நான் கையெழுத்திட்டு அனுப்பிய விவரத்தில் கடை இருந்தது என்று இருக்கிறது, தங்கள் சான்றில் இல்லை என்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் என் விண்ணப்பத்தைக் குப்பையில் போடுவதில் நியாயம் இருக்கும்.

13. சான்று நிறுவனத்தின் ஆய்வாளர் 06.10.2025, திங்கள் அன்று வருகிறார். இடையில் ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறைகள் வருகின்றன. அன்று சரியான சான்று இல்லாவிட்டால் அறையைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள், அங்காடியார் அடுத்த மாதத்துக்குமேல் காத்திருக்கமாட்டார்கள். ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிந்து வேண்டுகிறேன்:

(அ) கதவு எண் 27-இல் திரு. பிராங்க்ளின் பெயரில் 1996 முதல் இறைச்சிக் கடை இயங்கியது என்றும், 12.10.2014-க்குப் பின் இயங்கவில்லை என்றும் குறிப்பிட்டு, உரிமத்தை அந்நாள் முதல் ரத்து செய்து சான்று தர வேண்டும். பெயரை முழுமையாக எழுத வேண்டும்.

(ஆ) அதன்பின் புதுப்பிக்கப்பட்டது என் கணவர் செய்த தவறு என்று எழுதிக்கொள்ளலாம். எழுத்து மூலம் ஒப்புதல் இணைத்திருக்கிறேன். அதற்கு அபராதமோ நடவடிக்கையோ உண்டென்றால் என்மீது எடுக்கலாம். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குக் கோப்பில் இடம் இருக்காது, நானும் கேட்கவில்லை.

(இ) பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். மூடப்பட்டது என்று அதன்மேல் குறுக்கே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரி அங்கே இருக்க வேண்டும்.

14. தங்கள் சான்றின் அசலை இத்துடன் திருப்பி ஒப்படைக்கிறேன். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னதால் எங்கள் தூள் சார்ஜாவுக்குப் போகாமல் போனால், அதற்குத் தங்கள்மீது வருத்தப்பட மாட்டேன். இல்லாத ஆளின் பெயரால் தொழில் நடந்ததாகப் பத்து வருடம் பதிவு இருந்தது. அதைத் திருத்தப் போய், இருந்த ஆளை இல்லாதவராக ஆக்கிவிட வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

இடம்: நெடுங்கரைப்பட்டி
நாள்: 22.09.2025

தங்கள் உண்மையுள்ள,
சா. அன்புச்செல்வி

இணைப்பு:
1. தங்கள் அலுவலகச் சான்று, அசல்.
2. திரு. பிராங்க்ளின் இறப்புச் சான்று, நகல்.
3. புதுப்பித்த ரசீதுகள் பத்து, அசல்.
4. எனது ஒப்புதல் கடிதம்.

சாட்சி:
இந்த மனுவை அக்கா வாசிக்கக் கேட்டேன். எழுதியிருப்பது எல்லாம் சரி. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை திறப்பார். பதினெட்டு வருடத்தில் ஒரு ஞாயிறுகூடத் திறக்காமல் இருந்ததில்லை.

பி. சுகுணா,
க/பெ. பிராங்க்ளின், இறைச்சிக் கடை, கதவு எண் 27.